பனிக்காலம் முடிந்து கவர் எடுத்தால் வண்டியில் உயிர் இல்லை, அவசரம்

பனிப்புழுதி (சனி காலை 9:12)
வணக்கம் அண்ணைமார். மோட்டார் சைக்கிள் ஸ்டார்ட் ஆகவில்லை. வின்ரருக்குக் கராஜில் விட்டது, இன்றைக்குத்தான் கவர் எடுத்தேன். சாவி போட்டால் லைற் வருகிறது, பட்டனை அமத்தினால் ஒரு ‘டக்’, அவ்வளவுதான், எல்லாம் செத்துப்போகிறது, மணிக்கூடும் திரும்பப் பன்னிரண்டில் வந்து நிற்கிறது. பற்றரி நல்லது. 11 மணிக்குக் கூட்டாளிகளோடு வெளிக்கிட வேண்டும். கெதியாக யாராவது சொல்லுங்கோ.

கோவை_கியர் (9:20)
என்ன வண்டி? எந்த வருஷம்? எத்தனை சிசி? கிக்கர் உண்டா? ‘பற்றரி நல்லது’ என்றால் மீட்டர் வைத்துப் பார்த்தீர்களா, இல்லை ஹார்ன் அடித்துப் பார்த்துச் சொல்கிறீர்களா? (பற்றரி, பேட்டரிதானே? எதற்கும் கேட்டுக்கொள்கிறேன்.)

காயில்_கட்டி (9:24)
ஸ்டேட்டர், அதாவது எஞ்சின் ஓடும்போது பேட்டரிக்கு மின்சாரம் தரும் காயில். கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். கழற்றி எனக்குப் போட்டோ அனுப்புங்கள், கருகியிருக்கும் பாருங்கள்.

ஒஸ்லோ_ஓட்டி (9:31)
எந்த ஊர் என்று சொல்லவில்லை, கராஜ் சூடாக்கியதா இல்லையா என்றும் சொல்லவில்லை. நான் நார்வேயில் இருக்கிறேன், இங்கே ஏப்ரலில் வண்டி எடுக்கவில்லை என்றால் முதலில் தேட வேண்டியது சுண்டெலி. ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து பாருங்கள். கூடு இருந்தால் வயரையும் கடித்திருக்கும்.

மின்வாத்தியார் (9:40)
ஒவ்வொரு வசந்தத்திலும் இதே கூத்து. டாக்டரிடம் போய் ‘உடம்பு சரியில்லை, மருந்து கொடுங்கள், பஸ்ஸுக்கு நேரமாகிறது’ என்று சொல்வதுபோல் இருக்கிறது. காயில்_கட்டி அவர்களே, ஸ்டேட்டரின் வேலை எஞ்சின் ஓட ஆரம்பித்த பிறகுதான். ஓடாத எஞ்சினில் அது கருகியிருந்தால் என்ன, தங்கமாக இருந்தால் என்ன?

காயில்_கட்டி (9:44)
ஸ்டேட்டர் போனதால்தானே போன வருஷமே பேட்டரி சார்ஜ் ஆகாமல் நின்றிருக்கும்! 22 வருஷமாகக் காயில் கட்டுகிறேன்.

பனிப்புழுதி (9:58)
ஊர் ஸ்காபரோ, கனடா. கராஜ் சூடு இல்லை. வண்டி ஜப்பான், 650, இரட்டைச் சிலிண்டர், 2009. கொம்பனி பெயரைச் சொன்னால் இங்கே வேறு சண்டை தொடங்கும், அதனால் விடுகிறேன். கிக்கர் இல்லை. பக்கத்து வீட்டு ஐயாவிடம் மல்டிமீற்றர் வாங்கி வைத்துப் பார்த்தேன், 12.7 காட்டுகிறது. அப்ப பற்றரி நல்லதுதானே? எலி இல்லை என்று நினைக்கிறேன்.

கோவை_கியர் (10:03)
12.7 நல்ல எண்தான், ஆனால் அது சும்மா உட்கார்ந்திருக்கும்போது. பட்டனை அழுத்தும்போது எவ்வளவுக்கு இறங்குகிறது? 9.5க்குக் கீழே விழுந்தால் பேட்டரி போச்சு. அப்புறம், பேட்டரி குளிர்காலம் முழுக்க வண்டியிலேயே இருந்ததா, கழற்றி வைத்தீர்களா?

பனிப்புழுதி (10:06)
கழற்றித்தான் வைத்தேன். கராஜ் தரையில். மாதம் ஒருக்கால் சார்ஜ் போட்டேன். இன்றைக்குக் காலைதான் திரும்பப் பூட்டினேன். ரெர்மினல் இறுக்கமாகத்தான் இருக்கிறது.

நெல்லை_நட்டுபோல்ட் (10:09)
தரையில் என்றால் சிமெண்ட் தரையிலா? அதுதான் காரணம். சிமெண்ட் தரை பேட்டரியை உறிஞ்சிவிடும். எங்கள் பட்டறையில் பலகை போட்டுத்தான் வைப்போம். என் குருநாதர் சொல்லிக்கொடுத்தது.

ஒஸ்லோ_ஓட்டி (10:15)
குருநாதர் காலத்து பேட்டரிக்கு அது சரி. முன்பு பெட்டி மரத்தில் இருந்தது, பிறகு கடின ரப்பர், ஈரம் பிடித்தால் பெட்டி வழியாகவே கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். இப்போது பிளாஸ்டிக். தரைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. சொல்லப்போனால் குளிர்ந்த இடத்தில் தானாகத் தீர்வது இன்னும் குறைவு.

நெல்லை_நட்டுபோல்ட் (10:17)
சம்பந்தம் இல்லை என்று புத்தகத்தில் படித்திருப்பீர்கள். நான் கண்ணால் பார்த்தவன்.

மின்வாத்தியார் (10:25)
இரண்டு பேரும் தரையைத் தோண்டிக்கொண்டே இருங்கள், நான் வண்டியைப் பார்க்கிறேன்.

பனிப்புழுதி, கவனமாகப் படியுங்கள், 11 மணியை மறந்துவிடுங்கள். செல்ஃப் மோட்டார் நூறு ஆம்பியர் வாக்கில் இழுக்கும். வழியில் எங்கோ ஒரு மூட்டில் வெறும் 0.05 ஓம் தடை இருந்தாலே போதும், அந்த இடத்தில் 5 வோல்ட் காணாமல் போய்விடும். ஆனால் பட்டனை அழுத்தாதபோது மின்சாரம் ஓடவில்லை, அதனால் மீட்டர் எல்லா இடத்திலும் 12.7 என்று இளித்துக்கொண்டு நிற்கும். அடைத்த குழாயிலும் திறக்காதவரை முழு அழுத்தம்தான் காட்டும், திறந்தால்தான் சொட்டுகிறதா கொட்டுகிறதா என்று தெரியும். ‘மீட்டரில் பீப் சத்தம் வைத்துப் பார்த்தேன், கேபிள் சரி’ என்று சொல்லிக்கொண்டு வராதீர்கள். கேபிளில் ஒரே ஒரு இழை மிச்சம் இருந்தாலும் பீப் அடிக்கும்.

செய்ய வேண்டியது: மீட்டரை 20 வோல்ட் டிசியில் வையுங்கள். கறுப்பு முனையை பேட்டரியின் மைனஸ் ஈயத்தின் மேல் குத்துங்கள். போல்ட்டின் மேல் இல்லை, கேபிள் வளையத்தின் மேலும் இல்லை, ஈயத்தின் மேல். சிவப்பைப் பிளஸ் ஈயத்தில். யாரையாவது பட்டனை அழுத்தச் சொல்லிப் படியுங்கள். அடுத்து சிவப்பை மட்டும் எடுத்து எஞ்சினின் பெயிண்ட் இல்லாத உலோகத்தில் வைத்து, திரும்ப அழுத்திப் படியுங்கள். கடைசியாகப் பிளஸ் ஈயத்திலிருந்து செல்ஃப் மோட்டாரின் தடித்த கேபிள் வரை. கேபிள் பக்கம் எதிலும் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. மூன்று எண்களைக் கொண்டுவாருங்கள், கதை வேண்டாம்.

புல்லட்_பெரியப்பா (10:31)
கிக்கர் இருந்திருந்தால் இந்தப் பாடமெல்லாம் தேவையே இல்லை.

மிசிசாகா_மெதுவோட்டி (10:38)
தம்பி, வண்டியை கடைசியாக எப்போது ஓட்டினீர்கள், எப்படி நிறுத்தினீர்கள்? ரோட்டில் பனி உருக உப்புப் போட்ட பிறகு ஓட்டினீர்களா? அதைச் சொல்லவே இல்லையே. அப்புறம் காரின் பேட்டரியிலிருந்து கேபிள் போட்டு ஜம்ப் கொடுக்கிற எண்ணம் இருந்தால் கார் எஞ்சினை நிறுத்திவிட்டுக் கொடுங்கள்.

பனிப்புழுதி (10:52)
நவம்பர் முதல் கிழமை ஓடினேன், உப்புப் போட்டிருந்தது, அதனால்தான் பிரஷர் வாஷ் அடித்து வடிவாகக் கழுவி உடனே கவர் போட்டேன். அது முக்கியம் என்று நினைக்கவில்லை.

மின்வாத்தியார் (10:54)
‘அது முக்கியம் என்று நினைக்கவில்லை.’ இந்த வரியைச் சட்டம் போட்டு மாட்டலாம்.

மிசிசாகா_மெதுவோட்டி (11:02)
சேர், பிள்ளையை விடுங்கோ, எல்லாரும் ஒருநாள் செய்ததுதான். நானும் முதல் வருஷம் இப்படித்தான் கழுவினேன். தம்பி, பிரஷர் தண்ணீர் உப்பை வெளியே தள்ளும், அதோடு கனெக்டருக்கு உள்ளேயும் கொண்டுபோய் விடும். காயவிடாமல் கவர் போட்டால் ஐந்து மாதம் உப்புத் தண்ணீரில் ஊறப் போட்ட மாதிரி. ஒரு நாள் வெயில், மறுநாள் உறைபனி என்று மார்ச் மாதம் மாறி மாறி வரும்போது உலோகமெல்லாம் வேர்க்கும், அது வேறு. செம்பு என்றால் களிம்பு பிடிக்காமல் என்ன செய்யும்?

கோவை_கியர் (11:10)
பேட்டரியைக் கழற்றி வைத்தது நல்ல வேலை, அதற்காவது பாராட்டுங்கள். வண்டியிலேயே விட்டிருந்தால் மணி காட்டும் கடிகாரமும் மற்றதும் 2 மில்லி ஆம்பியர் மட்டும் குடிக்கிறது என்று வைத்தாலும் 150 நாளில் 7.2 ஆம்பியர்-மணி. இந்த அளவு வண்டியின் பேட்டரியில் இருப்பது 10 ஆம்பியர்-மணி வாக்கில்தான். முக்கால்வாசி போயிருக்கும். தீர்ந்த பேட்டரி மைனஸ் 10 வாக்கிலேயே உறைந்து பெட்டி வெடிக்கும், முழுச் சார்ஜில் இருப்பது மைனஸ் 50ஐயும் தாங்கும்.

நெல்லை_நட்டுபோல்ட் (11:14)
ஆனால் தரையில் வைத்தாரே.

பனிப்புழுதி (11:47)
கூட்டாளிகள் போய்விட்டார்கள். தங்கச்சியைப் பட்டன் அமத்தச் சொல்லிப் பார்த்தேன்.
பற்றரி இரண்டு ஈயத்துக்கும் இடையில் 12.5, அசையவே இல்லை.
மைனஸிலிருந்து எஞ்சினுக்கு 10.9.
பிளஸ்ஸிலிருந்து மோட்டாருக்கு 0.1.
இது நல்லதா கூடாதா?

மின்வாத்தியார் (11:51)
அழகு. இதைக் காலை 9:12க்குக் கொடுத்திருந்தால் நீங்கள் இப்போது ரோட்டில் இருப்பீர்கள். பேட்டரி அசையவில்லை என்றால் யாரும் அதனிடம் எதுவும் கேட்கவே இல்லை என்று அர்த்தம். மைனஸ் பக்கம் 10.9 வோல்ட் தொலைகிறது. மைனஸ் கேபிளைக் கையால் பிடித்துக்கொண்டே போங்கள், எஞ்சினிலோ சேஸிஸிலோ போல்ட் போட்டிருக்கும் இடத்தில் முடியும். லைட்டும் சேர்ந்து அணைவதால் வயரிங் செட்டின் எர்த்தும் அதே போல்ட்டில்தான் இருக்க வேண்டும். கழற்றி உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பளபளப்பு வந்ததும் இறுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள். கிரீஸ் கடைசியில், இறுக்கிய பிறகு.

கோவை_கியர் (11:55)
உப்பால் வந்தது உப்புத்தாளால் போகட்டும். பேட்டரி பக்கமும் அதே கேபிளின் வளையத்தைப் பாருங்கள், ஈயத்துக்கும் வளையத்துக்கும் நடுவில் வெள்ளையாகப் பூத்திருந்தாலும் இதே எண்தான் வரும். கேபிளை வளைத்துப் பாருங்கள், முறுக் என்று கரகரத்தால் உள்ளே களிம்பு ஏறியிருக்கிறது, கேபிளையே மாற்ற வேண்டியதுதான்.

ஒஸ்லோ_ஓட்டி (12:04)
எலியைப் பார்த்தீர்களா, இல்லையா?

காயில்_கட்டி (12:20)
எதற்கும் ஸ்டேட்டரையும் பார்த்துவிடுங்கள். மூன்று மஞ்சள் ஒயர், கனெக்டரைப் பிரித்து ஒவ்வொரு ஒயருக்கும் எஞ்சின் பாடிக்கும் வைத்தால் மீட்டர் எதுவும் காட்டக் கூடாது.

மிசிசாகா_மெதுவோட்டி (ஞாயிறு இரவு 8:30)
தம்பி என்ன ஆச்சு?

நெல்லை_நட்டுபோல்ட் (திங்கள் காலை 7:05)
ஒஸ்லோ சாருக்கு ஒரு கேள்வி. சம்பந்தமே இல்லை என்றால் ஏன் இன்றைக்கும் எல்லாப் பட்டறையிலும் பலகை இருக்கிறது?

ஒஸ்லோ_ஓட்டி (7:40)
வாசலில் எலுமிச்சம்பழமும் மிளகாயும்கூடத்தான் கட்டியிருக்கிறது.

நெல்லை_நட்டுபோல்ட் (7:43)
அதையும் நம்ப மாட்டீர்களா?

கோவை_கியர் (8:15)
இரண்டு பேரும் ஒரே மாதிரி இரண்டு பேட்டரி வாங்கி, ஒன்றைத் தரையிலும் ஒன்றைப் பலகையிலும் வைத்து மூன்று மாதம் கழித்து எண் சொல்லுங்கள். அதுவரை நெல்லை அண்ணனின் பலகையால் ஒரு கெடுதலும் இல்லை, தரை வேர்த்தால் பெட்டி நனையாது, காலிலும் தட்டாது.

பனிப்புழுதி (வியாழன் இரவு 9:18)
மன்னிக்கவும், வேலை கூட. போல்ட்டைக் கழற்றினால் வளையத்தில் பச்சைப் பொடி, மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. தேய்த்துப் பூட்டினேன், முதல் பட்டனிலேயே எடுத்தது. எலிக்கூடு இருந்தது, ஃபில்டர் பெட்டிக்குள் சூரியகாந்தி விதைக் கோது நிறைய, பக்கத்து வீட்டு ஐயா குருவிக்குப் போடுகிறது. வயர் கடிக்கவில்லை. இப்போது வேறு பிரச்சினை: நியூட்ரலில் ஓடுகிறது, முதல் கியர் போட்டவுடன் நின்றுபோகிறது.

ஒஸ்லோ_ஓட்டி (9:21)
எலி என்று சொன்னேனா இல்லையா!

மிசிசாகா_மெதுவோட்டி (9:26)
சைட் ஸ்டாண்ட் சுவிட்ச். ஸ்டாண்ட் மேலே போனாலும் அதன் முளை உப்பிலும் மண்ணிலும் ஒட்டிக்கொண்டு வெளியே வராது, வண்டி ஸ்டாண்ட் கீழே இருப்பதாக நினைத்து எஞ்சினை அணைக்கும். நியூட்ரலில் அது பார்க்காது, கியரில்தான் பார்க்கும். வெந்நீர் ஊற்றி, ஸ்பிரே அடித்து, விரலால் பத்து இருபது தடவை அமுக்கி விடுங்கள், பிரஷர் வாஷ் வேண்டாம்.

புல்லட்_பெரியப்பா (9:33)
இரண்டு ஒயரையும் முறுக்கி இணைத்துவிடு, ஜென்மத்துக்கும் தொல்லை இல்லை.

மின்வாத்தியார் (9:35)
அதைச் செய்துவிட்டு ஸ்டாண்டைக் கீழேயே விட்டு இடது பக்கம் வளைத்துப் பாருங்கள், ஜென்மம் எவ்வளவு நீளம் என்று தெரியும். சுத்தம் செய்யுங்கள், அதிலும் வரவில்லை என்றால் மாற்றுங்கள். அப்புறம் எஞ்சின் ஓடும்போது 5,000 ஆர்பிஎம்மில் பேட்டரியில் எவ்வளவு என்று படியுங்கள். 13.8க்கும் 14.5க்கும் நடுவில் இருந்தால் காயில்_கட்டியும் நிம்மதியாகத் தூங்குவார்.

காயில்_கட்டி (9:50)
14க்குக் குறைந்தால் எனக்குச் சொல்லுங்கள்.

பனிப்புழுதி (சனி மதியம் 1:02)
சுவிச் கழுவினேன், சரி. 14.1. நன்றி எல்லாருக்கும். வெளிக்கிட்டுவிட்டேன்.

காயில்_கட்டி (1:30)
14.1 ஓகே. ஆனால் சூடான பிறகு ஒருமுறை பாருங்கள்.

மிசிசாகா_மெதுவோட்டி (1:34)
போல்ட் போட்டோ ஒன்று போடுங்கோ தம்பி, மற்றவர்களுக்கு உதவும்.

நெல்லை_நட்டுபோல்ட் (ஞாயிறு காலை 6:50)
பலகை ரெடி. ஒரு பேட்டரி பலகையில், ஒன்று தரையில், இரண்டும் இன்றைக்கு 12.8. ஒஸ்லோ சார், ஜூலையில் பார்க்கலாம்.