ஐகடிபன்ட்டைக் கழுவியும் குடல் துண்டு சுருங்கவில்லை

கேள்வி: எம்.ஃபார்ம் மாணவன். கினிப்பன்றிச் சிறுகுடலின் கடைசிப் பகுதியில் 2 செ.மீ. துண்டு, 37 டிகிரி டைரோடு கரைசல் (திசுவை உயிரோடு வைக்கும் உப்புக் கரைசல்), காற்றுக் குமிழி, எல்லாம் சரி. குடலைச் சுருக்கும் பெப்டைடான பிராடிகைனின் விட்டதும் அழகாகச் சுருங்கியது. அதைத் தடுக்கும் மருந்தான ஐகடிபன்ட் போட்டபின், பிராடிகைனினுக்கு அசையவே இல்லை. அரை மணி நேரம் கழுவியும் அப்படியே. திசு செத்துவிட்டதா?

பதில் 1: வேறு ஏற்பி வழியாகக் குடலைச் சுருக்கும் அசெட்டைல்கோலின் கொஞ்சம் விட்டுப் பாருங்கள். சுருங்கினால் உயிரோடுதான் இருக்கிறது. ஐகடிபன்ட், பிராடிகைனின் வேலை செய்யும் பி2 ஏற்பியை லேசில் விடாது; அதனால்தான் கழுவியும் போகவில்லை.

கேட்டவர்: விட்டேன். சுருக்கத்தைப் பதியும் முள் துள்ளியது! அப்பாடா.

பதில் 2: அப்புறம், ஒரே துண்டில் ஐகடிபன்ட்டைக் கூட்டிக்கொண்டே போய் ஷில்டு கோடு (தடுப்பு மருந்தின் வலிமையை அளக்கும் வரைபடம்) வரையாதீர்கள். அப்படி ஒரு வாரம் வீணடித்தவன் நான். ஒவ்வொரு செறிவுக்கும் புதுத் துண்டு. ஏசிஇ நொதியைத் தடுக்கும் கேப்டோப்ரிலும் சேருங்கள். இல்லையென்றால் திசுவின் ஏசிஇ நொதி பிராடிகைனினைத் தின்றுவிடும்.

கேட்டவர்: பிராடிகைனின் வகைப் பெப்டைடுகளின் இன்னொரு ஏற்பியான பி1-க்கும் இதே குடலா?

பதில் 2: முயலின் பெருந்தமனி. அறுத்த உடனே, பி1-ஐத் தூண்டும் டெஸ்-ஆர்ஜினின்9-பிராடிகைனின் விட்டால் பெரிதாக ஒன்றும் நடக்காது. சில மணி நேரம் கரைசல் தொட்டியில் கிடந்தால்தான் பி1 ஏற்பிகள் முளைக்கும். காலையிலேயே தொடங்குங்கள்.