விக்டோரியா ராணி குடும்பப் படம்: அசலா, நகலா?

விக்டோரியா குடும்பத்தின் சின்ன அட்டைப் படம் கைக்கு வந்தால் முகத்தைப் பார்ப்பதை நிறுத்துங்கள். ராணிதான் என்பதில் சந்தேகமே வராது. எடுத்தவரே போட்ட பிரதியா, வேறொருவர் அதைத் திரும்பப் படம்பிடித்து விற்றதா என்பதுதான் கேள்வி. லண்டன் புகைப்படக்காரர் மேயால் 1860-ல் அரச குடும்பத்தின் 14 படங்களை ஆல்பமாக வெளியிட்டதும் இந்த அளவுப் படங்களுக்குப் பெரும் கிராக்கி. இங்கிலாந்தில் புகைப்படத்துக்குக் காப்புரிமைச் சட்டம் வந்ததோ 1862-ல். அதற்குப் பிறகும் திருட்டு நகல் நிற்கவில்லை.

முதலில் ஸ்கேல். அட்டை சுமார் 64 × 100 மி.மீ., ஒட்டிய படம் சுமார் 54 × 89. ஓரிரு மி.மீ. முன்னே பின்னே இருக்கலாம். அடுத்து 10 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லூப் (சின்ன உருப்பெருக்கிக் கண்ணாடி). முட்டை வெள்ளைக்கரு பூசிய ஆல்புமன் தாள் என்றால் படத்துக்கு அடியில் தாளின் நார் தெரியும், மேலே மெல்லிய விரிசல் வலை இருக்கும், வெள்ளைப் பகுதி மஞ்சளித்திருக்கும். வரிசையாகப் புள்ளிகள் தெரிந்தால் அது அச்சகத்தில் அடித்தது.

ஆல்புமன் என்று உறுதியானாலும் வேலை முடியவில்லை, அன்றைய நகலும் அதே தாளில்தான். சட்டையின் லேஸைப் பாருங்கள். அசலில் ஒவ்வொரு துளையும் தனியாக நிற்கும். நகலில் வெள்ளை முழுக்க ஒரே திட்டாகிவிடும், கருப்புப் பட்டின் மடிப்புகள் காணாமல் போகும். ஒவ்வொரு முறை திரும்ப எடுக்கும்போதும் நடுச்சாயல்கள் (கருப்புக்கும் வெள்ளைக்கும் இடைப்பட்ட சாம்பல் நிறங்கள்) குறைவதால் வரும் கோளாறு இது. சில நகல்களில் மூல அட்டையின் விளிம்பே படத்துக்குள் விழுந்திருக்கும். பின்பக்கம் ஸ்டூடியோ பெயர் இல்லாவிட்டால் சந்தேகப்படலாம். ஆனால் அதை மட்டும் வைத்து நகல் என்று தீர்த்துவிடாதீர்கள்.

*

அட்டையை வைத்து வருடம் சொல்பவர்களுக்கு ஒன்று. 1860-களில் மெல்லிய அட்டை, கூர்முனை. 70-களில் முனை உருண்டது, அட்டையும் தடித்தது. பொதுவாகச் சரி. ஆனால் ஆல்பத்தில் எளிதாக நுழைய வேண்டுமென்று கூர்முனையைக் கத்தரியால் வெட்டிவிடுவார்கள். நான்கு முனையும் ஒரே வளைவில் இருந்தால் தயாரித்தபோதே உருட்டியது, ஆளுக்கொரு கோணத்தில் இருந்தால் கத்தரி.

அட்டை சொல்வது பிரதி போட்ட காலத்தைத்தான், படம் எடுத்த காலத்தை அல்ல. ராணியின் மருமகள் அலெக்ஸாண்ட்ரா இளவரசி தன் குழந்தை லூயிஸை முதுகில் சுமந்திருக்கும் டவுனி ஸ்டூடியோ படம் 1868-ல் எடுத்தது. 3 லட்சம் பிரதி விற்றதாகச் சொல்லப்படும் படம். இதுபோல நன்றாக விற்ற நெகட்டிவிலிருந்து பல வருடங்கள் பிரதி போடுவார்கள். அதனால் பிந்திய கால அட்டையில் இருந்தாலே நகல் என்று தள்ளிவிடக் கூடாது.

*

பழைய ஆல்பத்திலிருந்து அட்டையை உருவும்போதுதான் அதிகச் சேதம். பக்கத்தின் கீழ் விளிம்பில் இருக்கும் பிளவு வழியாகத்தான் அட்டை உள்ளே போயிருக்கும். படம் தெரிவதற்காகப் பக்கத்தில் வெட்டிய சன்னல் வழியாக நகத்தால் நெம்பினால் சட்டகத் தாள் கிழியும், படத்தின் ஓரமும் உரியும். மெல்லிய பாலியெஸ்டர் பிளாஸ்டிக் தாளின் ஒரு துண்டைக் கீழ்ப் பிளவில் நுழைத்து, அட்டைக்கு முன்னும் பின்னும் ஒட்டல் விட்டிருக்கிறதா பார்த்துவிட்டு மெதுவாகக் கீழே இறக்குங்கள். வரவில்லையென்றால் பக்கத்தோடு அப்படியே விட்டுவிடுவது மேல். தண்ணீர் காட்டவே கூடாது. படத்தாளும் அட்டையும் வேறு வேறு அளவில் ஊறி விரிந்து, காயும்போது வளைந்துவிடும். பி.வி.சி. உறையும் வேண்டாம்.

வெள்ளித்தகட்டுப் படமான டாகரோடைப் கிடைத்தால் இன்னும் கவனம். அதற்கு நெகட்டிவ் கிடையாது, ஒவ்வொன்றும் ஒற்றைப் பிரதி. படம் விரல் பட்டாலே அழியும். 1852 ஜனவரியில் கில்பர்ன் என்ற புகைப்படக்காரர் எடுத்த குடும்பப் படத்தில் ராணியின் கண் மூடியிருந்தது. பிடிக்காமல் தன் முகத்தை மட்டும் தகட்டிலேயே சுரண்டிவிட்டார். சுற்றிலும் பிள்ளைகள் தெளிவாக நிற்க, நடுவில் முகம் இருந்த இடம் மட்டும் ஒரு கீறல் திட்டு. இரண்டே நாளில் மறுபடி எடுத்தபோது தொப்பியோடு பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்தார். ஆகவே தகட்டுக்கு மேலுள்ள கண்ணாடியைத் திறக்காதீர்கள். தூசி உள்ளே தெரிந்தாலும் துடைக்க வேண்டாம். சுற்றிலும் ஒட்டிய தாள்பட்டை பிரிந்திருந்தால், அதை மாற்றும் வேலை பழக்கப்பட்ட பாதுகாப்பு நிபுணருடையது.