குளம்பு அழற்சி: இரத்த ஓட்டத்துக்கு எந்த மருந்து?

எங்கள் ஆண் குதிரைக்கு 11 வயது, காயடிக்காதவன். 10 நாளாக லாமினைட்டிஸ் (குளம்பின் உள்திசு அழற்சி). முன்கால்களை நீட்டி, பாரத்தைப் பின்னங்கால்களில் போட்டு நிற்கிறான். குளம்புக்கு மேலே விரல் வைத்தால் நாடி திம்திம் என்று அடிக்கிறது. வலிக்கு ஃபீனைல்பியூட்டாசோன் கொடுக்கிறோம்.

இரத்த ஓட்டத்துக்கு ஐசாக்ஸுப்ரின் மாத்திரை தரலாம் என்கிறார் மருத்துவர். ஆனால் வாய்வழி கொடுத்தால் அது உடம்பில் சேர்வதே மிகக் குறைவு என்று படித்தேன். அசிப்ரோமசின் என்ற அமைதிப்படுத்தும் ஊசி குளம்புக்குப் போகும் இரத்தத்தை நிஜமாகவே கூட்டுமாம். சரி, ஆனால் ஆண் குதிரைக்குக் குறி வெளியே தொங்கி உள்ளிழுக்க முடியாமல் போகும் ஆபத்து அதில் உண்டே! எனக்கு அதுதான் பயம்.

இவற்றைக் கொடுத்துப் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா? நடையில் எத்தனை நாளில் மாற்றம் தெரிந்தது? திங்கட்கிழமை மருத்துவர் வருகிறார், அதற்குள் சொன்னால் பேச வசதியாக இருக்கும்.