நடைப்பயணத்துக்கு எந்த ஜிபிஎஸ் கருவி? வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்

கையடக்க ஜிபிஎஸ் வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் முதலில் பார்ப்பது திரை எவ்வளவு பெரியது என்பதைத்தான். நான் பட்டன்களைப் பார்க்கச் சொல்வேன்.

ஒருமுறை காட்டுப்பாதையில் நடக்கும்போது நல்ல மழை பிடித்துக்கொண்டது. கூட வந்த நண்பர் போனில் வரைபடம் பார்த்து வழி சொல்லிக்கொண்டு வந்தார். துளி விழும் இடமெல்லாம் விரல் பட்ட மாதிரி வரைபடம் நகர்கிறது, பெரிதாகிறது, திடீரென்று வேறு ஏதோ மெனு திறக்கிறது. சட்டையில் துடைக்கலாமென்றால் சட்டையே சொட்டச் சொட்ட நனைந்திருக்கிறது. போன் திரை விரலின் மின் தொடர்பை வைத்து வேலை செய்வது. தண்ணீருக்கும் விரலுக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. சாதாரண கையுறை போட்டால் கதை தலைகீழ், எவ்வளவு அழுத்தினாலும் அசையாது. என்னிடம் இருந்தது கார்மின் ஈட்ரெக்ஸ் 30 என்ற கையடக்க ஜிபிஎஸ். பக்கவாட்டில் பட்டன்கள், மேலே கட்டைவிரலால் தள்ள ஒரு சின்னக் குமிழ். பார்க்க அழகில்லைதான். ஊர்ப்பெயர் தட்டச்சு செய்வதற்குள் பொறுமை போய்விடும், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் அன்று கடைசிவரை வழி காட்டியது அதுதான்.

வாங்கும் முன் கையை நனைத்துக்கொண்டு ஒருமுறை இயக்கிப் பாருங்கள். அப்படியே வெயிலிலும் பிடித்துப் பாருங்கள். இந்தக் கருவிகளின் திரை வெயில் பட்டால் இன்னும் தெளியும். போன் திரையோ மங்கிவிடும்.

* * *

பட்டன் விஷயம் சரி. நான் திசைகாட்டியைச் சொல்கிறேன்.

பனிமூட்டத்தில் பாதை மூன்றாகப் பிரியும் இடம். அங்கே இருவர் கருவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற இடத்திலேயே சுற்றிச்சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். “அம்புக்குறி எங்களோடு திரும்பவே மாட்டேங்குது, கெட்டுப்போச்சு போல” என்றார் ஒருவர். கெடவில்லை. அதில் மின்னணு திசைகாட்டி கிடையாது. ஜிபிஎஸ் நாம் நிற்கும் இடத்தைத்தான் சொல்லும். எந்தப் பக்கம் போகிறோம் என்பது இடம் மாறினால்தான் அதற்குத் தெரியும். “ஒரு பாதையில் கொஞ்ச தூரம் நடந்து பாருங்க” என்றேன். நடந்தார்கள், அம்பும் திரும்பியது.

ஈட்ரெக்ஸ் 22எக்ஸ், 32எக்ஸ் இரண்டும் தோற்றத்தில் ஒன்றுபோலவே இருக்கும். 32எக்ஸில் திசைகாட்டியும் காற்றழுத்த உயரமானியும் உண்டு, மற்றதில் இரண்டும் இல்லை. தெளிவான பாதையில் மட்டும் நடப்பவருக்கு இது பெரிய விஷயமில்லை. மூட்டத்தில் நடப்பவர் யோசித்து வாங்கட்டும். உயரமானி இருந்தால், உயரம் தெரிந்த இடத்தில் அவ்வப்போது சரிசெய்துகொள்ளுங்கள். வானிலை மாறினால் காற்றழுத்தம் மாறும், நீங்கள் உட்கார்ந்தே இருந்தாலும் அது ஏறியதாகவோ இறங்கியதாகவோ காட்டும்.

* * *

பேட்டரி பற்றி யாரும் பேசவில்லையே! பல நாள் நடை என்றால் இரண்டு ஏஏ பேட்டரி போடும் கருவிதான் என் தேர்வு. தீர்ந்தால் மாற்றிவிட்டு நடக்கலாம். கடுங்குளிரில் அல்கலைன் சீக்கிரம் படுத்துவிடும், லித்தியம் ஏஏ தாக்குப்பிடிக்கும். ரீசார்ஜ் செய்யும் நிக்கல் வகை போட்டால் செட்டிங்கில் பேட்டரி வகையை மாற்றுங்கள். அது 1.2 வோல்ட், அல்கலைன் 1.5. மாற்றாவிட்டால் சார்ஜ் நிறைய இருக்கும்போதே தீரப்போகிறது என்று பயமுறுத்தும்.

* * *

மேலே சொன்னதோடு ஒன்று. மாதக்கணக்கில் அணைத்து வைத்த கருவியை மரத்தடியில் நின்று ஆன் செய்துவிட்டு “சிக்னலே இல்லை” என்று புலம்பும் ஆட்களை அடிக்கடி பார்க்கிறேன். செயற்கைக்கோள்களின் புதிய விவரங்களை அது வானத்திலிருந்துதான் வாங்க வேண்டும், சில நிமிடம் பிடிக்கும். திறந்தவெளியில் வைத்துவிட்டு ஷூ கயிற்றைக் கட்டுங்கள்.

அப்புறம், செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் வசதி உள்ள மாடலை வாங்குவோர் கவனத்துக்கு: சில நாடுகளில் அதை அனுமதியில்லாமல் வைத்திருப்பதே குற்றம். வெளிநாட்டுக்கு எடுத்துப் போகும் முன் அந்த நாட்டு விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.