ரான்சிஸ்ரர் செய்முறைப் பாடத்தை அவதானிக்கும்போது எதைக் குறிப்பது?

நல்லூர்_பயிலுநர்
அடுத்த கிழமை யாழ் நகரப் பாடசாலை ஒன்றில் 13ஆம் தரத்து இரட்டைப் பாடவேளையை (80 நிமிடம்) அவதானிக்க வேணும். பரிசோதனை, ரான்சிஸ்ரர் ஆளியாக இயங்குதல். ஐந்து குழு. தந்த படிவத்திலை 'ஆர்வம்', 'பங்குபற்றல்' எண்டு புள்ளி போடுற கட்டங்கள்தான் இருக்கு. பிள்ளையள் விளங்கிச் செய்யினமா எண்டதை எப்பிடிப் பிடிக்கிறது?

செய்முறை_அவதானி
ஐந்து குழுவையும் சுற்றினால் ஒன்றும் மிஞ்சாது. ஒரு குழுவோடு கடைசிவரை இருங்கள். 2 நிமிடத்துக்கு ஒருக்கால் நிமிர்ந்து பார்த்து, அந்தக் கணத்தில் ஒவ்வொரு பிள்ளையும் செய்வதை ஒரெழுத்தில் போடுங்கள்: இ (இணைத்தல்), அ (அளத்தல்), பே (வாசிப்பைப் பற்றிப் பேசுதல்), எ (கொப்பியில் எழுதுதல்), கா (காத்திருத்தல்). மொத்தம் 40 பதிவு. ஒரே பிள்ளைக்கு 'இ'யும் இன்னொரு பிள்ளைக்கு 'எ'யும் மட்டுமே வந்தால் அந்தக் குழுவில் செய்முறை ஒருவருக்குத்தான் நடந்தது.

ஆசிரியர் பக்கம் இரண்டு போதும். பிழை வந்த இடத்தில் வயரைத் தானே பிடுங்கிச் செருகினாரா, "எந்த இரண்டு புள்ளிக்கு இடையில் அளப்பீர்?" என்று கேட்டாரா? கேட்டபின் எத்தனை செக்கன் பொறுத்தார்? கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் விஞ்ஞான வகுப்புகளில் கண்டது, பொதுவாக 1 செக்கன்தான் விடுகிறார்கள். 3 செக்கன் விட்டால் பிள்ளைகளின் விடை நீள்கிறது.

தடையி_330
எல்ஈடி எரிந்தது என்பதைச் சான்றாக எடுக்க வேண்டாம். 6 வோல்ற்று வழங்கல், எல்ஈடியோடு 330 ஓம் தடையி, அடிக்கு (ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் கால், பேஸ்) 10 கிலோஓம், ரான்சிஸ்ரர் பிசி547 என்று வைப்போம். அடியோட்டம் 0.53 மில்லியம்பியர், சேகரிப்பான் (எல்ஈடி பக்கத்துக் கால், கொலெக்ரர்) ஓட்டம் 12 அளவில். இரண்டையும் வகுத்து 22 என்று எழுதி, அதுவே மின்னோட்ட நயம் (அடியோட்டத்தை ரான்சிஸ்ரர் எத்தனை மடங்காக்கும் என்பது) என்கிறார்களா பாருங்கள். ரான்சிஸ்ரர் நிரம்பல் நிலையில் (அடியோட்டத்தைக் கூட்டினாலும் சேகரிப்பான் ஓட்டம் மேலும் கூடாத நிலை) இருக்கிறது; உண்மையான நயம் நூறுக்கு மேல். இந்த இடத்தில் ஆசிரியர் என்ன சொன்னார் என்பதைச் சொல்லுக்குச் சொல் எழுதுங்கள், பாடத்தின் உயிரே அதுதான்.

கால் மாறுவது அடுத்தது. தட்டை முகம் எங்களைப் பார்க்க, கால் கீழே இருக்க, பிசி547 இடமிருந்து சேகரிப்பான், அடி, காலி (நிலத்தோடு தொடுக்கும் கால், எமிற்றர்). பழைய சி828 காலி, சேகரிப்பான், அடி. பிசி547ஐத் திருப்பிச் செருகினாலும் எல்ஈடி மங்கலாக எரியும், குழுவும் "சரி" என்று போய்விடும். எரியாவிட்டால் அளக்கும் ஒழுங்கைக் குறியுங்கள்: முதலில் வழங்கல், பிறகு அடிக்கும் நிலத்துக்கும் (வழங்கலின் எதிர்முனை) இடையிலான அழுத்தம். 0 என்றால் அடிப்பக்க வயர் விட்டிருக்கும், 0.7ஐத் தாண்டி 6க்குக் கிட்ட என்றால் காலி நிலத்தோடு தொடுக்கப்படவில்லை. அளக்காமல் ரான்சிஸ்ரரை மாற்றிக்கொண்டே இருந்தால் அதுவும் ஒரு பதிவு.

ஆய்கூடப்_பொறுப்பு
பாடத்துக்கு முதல் மீற்றர் எல்லாத்தையும் மில்லியம்பியர் வீச்சிலை சோதிச்சுப் போடுங்கோ. அந்த வீச்சிலை விட்டுட்டுப் பற்றரிக்குக் குறுக்கை வைச்சா உள்ளை இருக்கிற உருகி போயிடும். பிறகு ஓட்டம் 0 எண்டு காட்ட, பிள்ளையள் சுற்றைக் கலைப்பினம். நீள பிரெட்போட்டுகள் (வயர் செருகிச் சுற்று அமைக்கிற துளைப்பலகை) சிலதிலை ஓரத்து வழங்கல் வரிசை நடுவிலை அறுந்திருக்கும், பாலம் போடவேணும். இந்த நேரத்தைப் பிள்ளையளின்ரை கணக்கிலை சேர்க்காதேங்கோ.

நல்லூர்_பயிலுநர்
நன்றி. பிள்ளையளோடை கதைக்கலாமோ?

தடையி_330
இடையில் வேண்டாம். கடைசி 5 நிமிடத்தில் ஒன்று மட்டும் கேளுங்கள்: "10 கிலோஓமுக்குப் பதில் 1 மெகாஓம் போட்டால் என்ன ஆகும்?" சொல்லவிட்டு, பிறகு செய்யவிடுங்கள். எல்ஈடி மங்கும், சேகரிப்பான்-காலி அழுத்தம் 0.1இலிருந்து சில வோல்ற்றுக்கு ஏறும். ஏறும் என்று அளக்க முதலே யார் சொன்னார் என்று எழுதுங்கள்.