இன்டரப்ட் கன்ட்ரோலர் எமுலேஷன்: மண்டையைக் குடைந்த பக் எது?

வெட்டிவெக்டர்:
என் எமுலேட்டருக்குள்ள லினக்ஸ் கெஸ்ட் (உள்ளே ஓடுற ஓஎஸ்) பூட் ஆகுது, நெட்வொர்க் கார்டு மட்டும் செத்த மாதிரி. கெஸ்ட்டோட இன்டரப்ட் (டிவைஸ் சிபியுவைக் கூப்பிடுற சிக்னல்) பட்டியல்ல, கார்டோட 11க்கு நேரா எண்ணிக்கை 1, அதோட சரி. ஐஓஏபிக் (டிவைஸ் லைன்களை வாங்கி சிபியுவுக்கு அனுப்புற சிப்) எண்ட்ரியை டம்ப் பண்ணினா 14-ஆவது பிட், ரிமோட் ஐஆர்ஆர் (அனுப்பியாச்சு, இன்னும் முடியலைங்கிற குறி), 1லயே நிக்குது. ஈஓஐ (கெஸ்ட் எழுதுற 'முடிஞ்சுது') வந்ததும் ஐஎஸ்ஆர் (இப்ப கவனிக்கிற இன்டரப்டைக் காட்டுற ரெஜிஸ்டர்) பிட்டை மட்டும் அழிக்கிற கோட். டிஎம்ஆர்ல (லெவல் வகை, அதாவது லைன் ஏறியிருக்கிற வரை கேட்கிற இன்டரப்டைக் குறிக்கிற ரெஜிஸ்டர்) அந்த வெக்டர் (இன்டரப்டோட எண்) 1ன்னா ஐஓஏபிக்குக்கும் தகவல் போகணும். அந்த வரியைக் காணோம். எட்ஜ் பின்னுக்கு (லைன் மாறுற நொடியை மட்டும் பார்க்கிறது) இது தேவையில்லை. அதனால கீபோர்டும் டைமரும் ஜோரா ஓடும், பழி முழுக்க டிரைவர் மேல.

பின்24:
அந்த ஒரு வரி போதாது. ரிமோட் ஐஆர்ஆர் 0 ஆனதும் லைன் இன்னும் ஏறியே இருந்தா, மாஸ்க்கும் (லைனை அடைச்சு வைக்கிற பிட்) இல்லைன்னா, உடனே திரும்ப அனுப்பணும். மாஸ்க் எடுக்கும்போதும் அதே சோதனை. ரெண்டு டிவைஸ் ஒரு லைனைப் பகிர்ந்தா ஆளுக்கொரு பிட் வெச்சு ஓஆர் பண்ணணும். பூலியன் ஒண்ணு போதும்னு விட்டா, ஒருத்தன் இறக்கும்போது அடுத்தவனோட இன்டரப்டும் போச்சு.

கேவிஎம்தாத்தா:
"உடனே"லதான் வம்பே. ஹேண்ட்லர் (இன்டரப்டைக் கவனிக்கிற கோட்) இல்லாத கெஸ்ட் வெறும் ஈஓஐ எழுதினா, அந்த நொடியே இன்டரப்ட் மறுபடி வந்து நிக்கும். கெஸ்ட் ஓரடி நகராது. நிஜ ஹார்டுவேர் அவ்வளவு வேகமா திருப்பி அனுப்பாது. அதான் கேவிஎம் (லினக்ஸுக்குள்ளேயே இருக்கிற விர்ச்சுவல் மெஷின் வசதி), தொடர்ந்து 10,000 தடவை இப்படி ஆனா அடுத்ததை 10 மில்லிசெகண்ட் தள்ளிப்போடுது. அந்த மூச்சுல கெஸ்ட் மெல்ல நகரும். லினக்ஸ் கெஸ்ட்னா 100,000ல 99,900க்கு மேல கேட்பாரில்லாமப் போனா லைனையே மூடிடும்.

ஸ்பூரியஸ்7:
பழைய கெஸ்ட் ஒண்ணுல சீரியல் ஹேண்ட்லர் பாதியில இருக்கும்போதே தனக்குள்ள திரும்ப நுழைஞ்சுது. காரணம் 8259, ஐஓஏபிக்குக்கு முந்தைய இன்டரப்ட் சிப். மாஸ்டர், ஸ்லேவ்னு ரெண்டு இருக்கும், ஸ்லேவ் மாஸ்டரோட 2-ல தொங்கும்.

இதையும் கேட்டுக்கோங்க. சிபியு ஏத்துக்கிறதுக்குள்ள லைன் இறங்கிட்டா 7-ஐக் கொடுங்க, ஐஎஸ்ஆரைத் தொடாதீங்க. ஸ்லேவ்ல அப்படி ஆனா 15. ஸ்லேவோட ஐஎஸ்ஆர் அப்படியே இருக்கணும், மாஸ்டர்ல 2-ஆவது பிட் மட்டும் ஏறணும். கெஸ்ட் மாஸ்டருக்கு மட்டும் ஈஓஐ அனுப்பும். 2-ஐ ஏத்தாம விட்டா, எண் சொல்லாத ஈஓஐ அங்கே ஏறியிருக்கிறதுல முன்னுரிமை கூடினதை அழிச்சிடும். இங்கே மாட்டினது 4, அந்த சீரியல். டெஸ்ட் எழுதும்போது லைனை ஏத்தி, ஏத்துக்கிறதுக்கு முன்னாடியே இறக்கிப் பாருங்க, ரெண்டு சிப்புக்கும் தனித்தனியா.

பின்24:
கேள்வி ஐஓஏபிக், பதில் 8259. அதை இப்ப யார் தொடுறா?

ஸ்பூரியஸ்7:
சீபயாஸ், கெஸ்ட்டைக் கிளப்பிவிடுற பயாஸ். உங்க கெஸ்ட் பூட் ஆனதே அது வழியாத்தான்.