கேஜ், ஷெல், ஷாட்: தமிழில் எப்படிச் சொல்வது?

வணக்கம்.

ஷாட்கன் (ஒரே சுடலில் பல சிறு உருண்டைகளைச் சிதறவிடும் துப்பாக்கி) தோட்டா தொடர்பான சொற்களை இழையில் உள்ளவர்கள் பார்த்துத் திருத்த வேண்டுகிறேன்.

முதலில் 'கேஜ்'. இதைக் 'குழல் விட்டம்', 'குழல் அளவு' என்று எழுதுவது பொருளையே கவிழ்த்துவிடும். குழலுக்குள் கச்சிதமாக அமரும் ஈய உருண்டைகள் எத்தனை சேர்ந்தால் ஒரு பவுண்டு வருமோ, அந்த எண்ணிக்கைதான் கேஜ். 12 உருண்டை என்றால் குழல் 18.5 மி.மீ.; 20 என்றால் 15.6 மி.மீ. எண் ஏற ஏறக் குழல் ஒடுங்கும்.

நெசவாளருக்கு இது புதிதல்ல. 40-ஆம் நம்பர் நூலைவிட 100-ஆம் நம்பர் மெல்லிசு. அங்கும் 840 கஜம் கொண்ட சிட்டா எத்தனை சேர்ந்தால் ஒரு பவுண்டு என்பதே நம்பர். ஆகவே 'குழல் எண்' என்பது என் பரிந்துரை. உரிமத்திலும் கடையிலும் '12 போர்' என்றே புழங்குகிறது. எழுத்தில் 'போர்' சண்டையாகவும் ஆழ்துளைக் கிணறாகவும் படிக்கப்படும் என்பதால் விட்டுவிடலாம்.

இதில் குழப்பம் வந்தால் ஆபத்து. 12 எண் குழலில் 20 எண் தோட்டாவைப் போட்டால் அது அறையில் (தோட்டா அமரும் குழலின் பின்பகுதி) நிற்காமல் முன்னே வழுக்கிப்போய்க் குழலில் சிக்கும். துப்பாக்கியின் குதிரை (தோட்டாவை அடிக்கும் பாகம்) விழுந்தாலும் வெடிக்காது. அறை காலி என்று நினைத்து மேலே ஒரு 12 எண் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் வெடித்துச் சிதறும். 20 எண் தோட்டாவின் கூட்டை மஞ்சளில் செய்யும் வழக்கம் இதற்காகவே.

மற்றவை: ஷெல் = தோட்டா; அதன் உறை = கூடு; ப்ரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் பாகம்) = கேப்; வாட் (மருந்துக்கும் ஷாட்டுக்கும் இடையிலுள்ள அடைப்பு) = தக்கை; ஷாட் (தோட்டாவுக்குள் நிரப்பும் சிறு உருண்டைகள்) = ரவை; சோக் (குழல் முனையில் உள்ள குறுகல்) = வாய் ஒடுக்கம்.

------

ஐயா, வணக்கம்.

'தோட்டா' மிகச் சரி. 'ஷெல்' என்று எழுதினால் ஈழத்து வாசகருக்கு எறிகணைதான் நினைவுக்கு வரும். 'ஷெல் அடி' எங்கள் பேச்சு வழக்கு.

ஆனால் 'ரவை'யை ஏற்க முடியவில்லை. இலங்கைச் செய்திகளில் 'துப்பாக்கி ரவைகள் மீட்பு' என்றால் ரைஃபிளுக்கான முழுத் தோட்டாக்கள். 'ஒரு தோட்டாவுக்குள் 300 ரவை' என்பது எங்களுக்குப் பொருளற்ற வாக்கியம். 'ஈயமணி' என்று வைத்தால் இரு கரையிலும் விளங்கும். எஃகானால் 'எஃகு மணி', பக்ஷாட்டுக்குப் 'பெருமணி', ஸ்லக் என்பதற்கு 'ஒற்றைக் குண்டு'.

இன்னொன்று, 410 என்று வழங்கும் சிறு ஷாட்கனின் எண் குழல் எண் அல்ல. அது 0.410 அங்குலம் என்ற நேரடி விட்டம். அதைத் தனியாகக் குறிக்க வேண்டும்.

------

மணி நல்ல சொல், எடுத்துக்கொள்கிறேன். 410 பற்றிய குறிப்பும் சரி, 'விட்டம் 0.410 அங்குலம்' என்றே எழுதுவோம்.

ஷாட் சைஸுக்கு 'மணி எண்' என்றால் குழல் எண்ணோடு இணைந்துபோகும், இங்கும் எண் கூடினால் மணி சிறுக்கிறது. அமெரிக்க முறையில் 17-லிருந்து மணி எண்ணைக் கழித்தால் விட்டம் அங்குலத்தில் நூறில் இத்தனை பங்கு என்று கிடைக்கும். 9 எண் மணி 0.08 அங்குலம், அதாவது 2.0 மி.மீ. பிரிட்டிஷ் அட்டவணை வேறு: அவர்களின் 7, அமெரிக்கரின் 7½-க்குச் சமம், இரண்டும் 2.4 மி.மீ. இந்தியப் பெட்டிகளில் காணும் எஸ்.ஜி., எல்.ஜி. பிரிட்டிஷ் வழி வந்த பெருமணிப் பெயர்கள். எனவே மணி எண்ணுக்குப் பக்கத்தில் மி.மீ. கட்டாயம் வேண்டும்.

தோட்டா தேர்வதை விளக்க ஒலிம்பிக் வட்டுச் சுடுதலே (காற்றில் எறியப்படும் வட்டைச் சுடும் போட்டி) நல்ல எடுத்துக்காட்டு. புதுக்கோட்டையின் பிருத்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸில் டிராப் பிரிவில் சுட்டதால் தமிழ்ச் செய்திகளிலும் இச்சொற்கள் தேவைப்படுகின்றன. தோட்டாவில் 24 கிராம் மணிதான் அனுமதி; மணி 2.6 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. ஸ்கீட் என்ற இன்னொரு பிரிவில் வட்டு அருகில் குறுக்கே பறக்கும், 2.0 மி.மீ. மணி ஏறக்குறைய 500 இருப்பதால் அகன்று விரிந்தாலும் இடைவெளி விழாது, வாய் ஒடுக்கமும் குறைவாக வைப்பார்கள். டிராப்பில் வட்டு விலகி ஓடும். தொலைவில் வேகம் தங்க 2.4 மி.மீ. மணியும் கூடுதல் ஒடுக்கமும் வேண்டும், ஆனால் மணிகள் ஏறக்குறைய 300தான்.

எஃகு மணிக்குத் தனிப் பதிவு வேண்டும். ஈயத்தின் அடர்த்தி கன செ.மீ.க்கு 11.3 கிராம், எஃகின் அடர்த்தி 7.8. ஒரே அளவானால் எஃகு மணி இலேசு, அதனால் சீக்கிரம் வேகம் இழக்கும். எனவே ஈயத்தில் 6 எண் போடும் இடத்தில் எஃகில் அதைவிடப் பெரிய 4 எண். எஃகு நசுங்காது என்பதால் இறுகிய வாய் ஒடுக்கத்தில் சுட்டால் குழல் முனை புடைக்கும். அமெரிக்காவில் 1991 முதல் நீர்ப்பறவை வேட்டையில் ஈயமணிக்கு நாடு முழுதும் தடை இருப்பதால், அங்கிருந்து வரும் கையேடுகளில் இச்சொல் அடிக்கடி வரும்.

கடைசியாக ஒரு புதுச்சொல்: 'விரிநீளம்'. பெட்டியில் 70 மி.மீ. என்று இருப்பது சுட்டபின், வாயை மூடியிருந்த மடிப்பு விரிந்த கூட்டின் நீளம். சுடாத தோட்டா அதைவிடக் குட்டை. அதனால் 76 மி.மீ. தோட்டா 70 மி.மீ. அறைக்குள் தடையின்றிப் போய் உட்காரும். சுடும்போது மடிப்பு விரிய இடமின்றிக் குழல் வாசலை அடைக்க, அழுத்தம் எகிறும். 'நீளம்' என்று மட்டும் எழுதினால் அளவுகோலை வைத்துப் பார்த்து, பொருந்துகிறது என்று முடிவு கட்டிவிடுவார்கள். எச்சரிக்கை வாசகத்தை இப்படி அமைக்கலாம்: 'குழலில் பொறித்துள்ள குழல் எண்ணும் அறை நீளமும் பாருங்கள். தோட்டாவின் குழல் எண் அதுவேயாக இருக்க வேண்டும். விரிநீளம் அறை நீளத்தைத் தாண்டக் கூடாது.'